உப்புக் காற்றும் கிரவல் தெருவும்: திரியாய் வழியில் ஆங்கிலக் கார்களின் அடிப்பகுதி

திருகோணமலையிலிருந்து நிலாவெளி, குச்சவெளி வழியாகத் திரியாய்ப் பக்கம் சென்று புல்மோட்டையை அடையும் கரையோரத் தெரு, ஒரு காரின் அடிப்பகுதியை விரைவில் தேய்த்துவிடும் தெருவாக நெடுங்காலம் இருந்தது. நகரிலிருந்து திரியாய்க்குச் சுமார் 45 கிலோமீட்டர். தூரம் பெரிதல்ல. ஆனால் அந்தத் தூரத்துக்குள் கடற்கரை மணல், கிரவல், கழிமுகம், வயல்வரம்பு எல்லாம் வந்துபோகும். ஆங்கிலேயத் தொழிற்சாலைகளில் தார்த் தெருவை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட கார்கள் இத்தகைய தெருக்களில் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடின. அவற்றை ஓடவைத்தவை உள்ளூர் கராஜுகளும் லேத் கடைகளும்.

திரியாய் பழமையான ஊர். கிரிகண்டு சேய என்னும் வட்டவடிவப் பௌத்தத் தலமும், கிரந்த எழுத்தில் வெட்டப்பட்ட சமஸ்கிருதப் பாறைக் கல்வெட்டும் அங்குள்ள குன்றில் உள்ளன. அந்தக் கல்வெட்டு கடல்வழி வந்த வணிகர் கூட்டத்தைப் பற்றிப் பேசுகிறது. ஊருக்கு ஆட்கள் பழங்காலத்திலேயே கடல்வழியாகவும் வந்தார்கள் என்பதற்கு அது நல்ல சான்று. தெருவழிப் போக்குவரத்து மிகப் பிந்தியது. நெல் விளையும் இத்தமிழ்க் கிராமத்தில் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கார் என்றால் பெரும்பாலும் வாடகைக் கார்தான். பிரசவத்துக்கும், வைத்தியசாலைக்கும், கலியாணத்துக்கும், சந்தைக்கும் அதுவே. ஐந்து பேருக்கென்று செய்த காரில் எட்டு, ஒன்பது பேர் ஏறுவார்கள். பின்பெட்டியில் நெல்மூட்டையும் இருக்கும். தேய்மானக் கணக்கு இங்கேதான் தொடங்குகிறது.

கிரவல் தெருவில் வாகனங்கள் ஓட ஓட, குறுக்கே அலையலையாகச் சிறு மேடுகள் எழும். அவற்றின் மேல் ஓடும் சக்கரம் நிமிடத்துக்குப் பல நூறு தடவை ஏறி இறங்கும். ஒரு பெரிய குழி ஸ்பிரிங்கை ஒரே அடியில் முறிக்கலாம். இந்தச் சிறு அலைகள் அப்படிச் செய்வதில்லை. ரப்பர் புஷ்களை உள்ளிருந்து சூடாக்கிக் கிழிக்கும், ஷொக் அப்சோபரின் எண்ணெயை நுரைக்கச் செய்யும், ஆணிகளைத் தளர்த்தும். இதற்கு மேல் உப்பு. பாலங்கள் வரும்வரை இறக்கக்கண்டி போன்ற கழிமுகங்களை வாகனங்கள் ‘பாதை’ என்று கிழக்கிலே சொல்லப்படும் மிதவையில் ஏறியே கடந்தன. ஏறும்போதும் இறங்கும்போதும் உவர்நீர் அடியில் தெறிக்கும். ஸ்பிரிங் பட்டைகளுக்கு இடையே புகுந்த உப்புநீர் கிறீஸைக் கழுவிவிட்டுத் துருவை விட்டுச்செல்லும். துருவேறிய பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். வளைவு முழுவதும் ஓரிடத்தில் குவிந்து, நடு ஆணித் துளை அருகிலேயே பட்டை முறியும். புல்மோட்டையில் கனிய மணல் அகழ்வு தொடங்கியபின் கனரக லொறிகளும் இதே தெருவில் ஓடின. லொறி கிளப்பிய கிரவலில் கார் தள்ளாடியது.

இங்கு ஓடிய கார்கள் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் வகையின. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரித்தானியா ஏற்றுமதியைப் பெருக்க முனைந்த காலத்தில் இவை இலங்கைக்கு வந்தன. ஏ40 டெவன் 1947இல் வெளிவந்தது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948இல் லண்டன் மோட்டார் காட்சியில் அறிமுகமாகி, 1970களின் தொடக்கம் வரை 16 இலட்சத்துக்கு மேல் உற்பத்தியானது. 1957க்கு முன் பதிவான கார்களுக்கு ஆங்கில எழுத்து இலக்கத் தகடு. அந்த ஆண்டிலிருந்து சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து வந்தது. 1958இல் தமிழ்ப் பகுதிகளில் அதன்மேல் தார் பூசும் போராட்டமும் நடந்தது. ஒரு பழைய காரின் வயதை இலக்கத் தகட்டிலேயே ஓரளவு அறிய முடிவதற்கு அந்த அரசியலும் ஒரு காரணம்.

விளையாட்டுக் கார் என்பது அன்றைய இலங்கையில் கொழும்புக்கும் மலைநாட்டுக்கும் உரியது. நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934இல் தொடங்கியது. எம்ஜி போன்ற இரு இருக்கைக் கார்களுக்கு அது பெருவிழா. ஆனால் அந்தக் கார்களை உயர்த்திவைத்து அடியில் பார்த்தால், வாடகைக் காரின் உறவு உடனே தெரியும். எம்ஜி நிறுவனம் 1947இல் வெளியிட்ட வை வகை என்ற குடும்பக் காருக்காகச் செய்த முன்பக்கச் சஸ்பென்சனே 1950இல் எம்ஜி டிடி விளையாட்டுக் காருக்குப் போனது. அதே அடிப்படை 1955இன் எம்ஜிஏ வழியாக 1962இன் எம்ஜிபி வரை நீடித்தது. 1958இல் வந்த ஒஸ்ரின் ஹீலி ஸ்பிரைட், முன்சக்கர அமைப்பைச் சிறிய ஒஸ்ரின் ஏ35இலிருந்தும், ஸ்டியரிங் றாக்கை மொறிஸ் மைனரிலிருந்தும் எடுத்துக்கொண்டது. கிங்பின், சுருள் ஸ்பிரிங், கை நீட்டிய எண்ணெய் ஷொக் அப்சோபர், பின்னால் பட்டை ஸ்பிரிங் என்ற இந்த அமைப்பு வேகக் காருக்கும் வாடகைக் காருக்கும் ஒன்றுதான். ஆகவே எம்ஜிபியின் முன்பக்கத்தைப் புதுப்பிக்கத் தேவையான அறிவு, ஏ40 ஓட்டிய ஊர்களிலும் இருந்தது.

அந்த அறிவைக் கூர்மையாக்கியது இறக்குமதித் தட்டுப்பாடு. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்ததும் தனியார் கார் இறக்குமதி ஏறக்குறைய நின்றது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்படும்வரை புதிய கார் அரிது, உதிரிப்பாகமும் அரிது. இருந்த கார்களையே திரும்பத் திரும்பச் செப்பனிட வேண்டியிருந்தது. பாகத்தைக் கழற்றிப் புதியதைப் பூட்டும் வேலை, பாகத்தையே செய்யும் வேலையாக மாறியது. மெக்கானிக்கும் லேத்காரரும் இணைத் தொழிலாளர் ஆனார்கள். ஒருவர் அளந்து கொடுப்பார், மற்றவர் கடைந்து கொடுப்பார்.

இந்த வேலைகளில் மிக நுட்பமானது கிங்பின். முன்சக்கரம் இடம் வலமாகத் திரும்பும்போது அதைத் தாங்கி நிற்கும் நிலைக்குத்து உருக்கு ஆணி அது. மேலும் கீழும் வெண்கலப் புஷ்கள். தேய்மானத்தைப் பார்க்கும் முறை அன்றும் இன்றும் ஒன்றே: சக்கரத்தை ஜக்கியில் உயர்த்தி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்பது. பிறேக்கை ஒருவர் மிதித்துக்கொண்டிருக்கும்போதும் ஆட்டம் நிற்கவில்லை என்றால், அது பெயரிங்கின் ஆட்டமல்ல, கிங்பின்னின் ஆட்டம். புது வெண்கலப் புஷ்ஷைக் கடைந்து அழுத்தி ஏற்றுவது எளிது. மேற்புஷ்ஷும் கீழ்ப்புஷ்ஷும் ஒரே நேர்கோட்டில் வரும்படி நீண்ட றீமரால் துளையைச் சரிசெய்வதில்தான் கைத்திறன் தெரியும். இரண்டையும் தனித்தனியே றீம் செய்தால் ஆணி இறுகும், ஸ்டியரிங் கனக்கும், வளைவு கடந்தபின் சக்கரம் தானாக நேருக்குத் திரும்பாது. இந்த ஒரு வேலையில் உள்ளூர் லேத் எந்த வகையிலும் தாழ்ந்ததல்ல. தொழிற்சாலைப் புஷ்ஷும் வெண்கலம்தான், கடைச்சற்காரர் செய்ததும் வெண்கலம்தான்.

மொறிஸ் மைனருக்கு வேறொரு தொல்லை உண்டு. அதில் கிங்பின்னின் இடத்தில் உள்ள திருப்பாணியின் கீழ்முனை, புரியுள்ள ஒரு கட்டைக்குள் திருகி நிற்கிறது. சக்கரம் திரும்பும் ஒவ்வொரு முறையும் புரி சிறிது சுழல்கிறது. ஆரம்பகாலக் கையேடுகள் 1000 மைலுக்கு ஒரு தடவை அங்கே கிறீஸ் அடிக்கச் சொல்லின. அடிக்காமல் விட்டால் புரி தேய்ந்து தேய்ந்து ஒருநாள் ஆணி கட்டையை விட்டுக் கழன்று வரும். முன்சக்கரம் மடிந்து, கார் ஒரு பக்கம் சாய்ந்து தெருவில் உட்காரும். உலகமெங்கும் மைனர் உரிமையாளர்கள் அறிந்த குறை இது. மணலும் உவர்நீரும் சேர்ந்த கரையோரத் தெருவில் 1000 மைல் என்ற கணக்கே போதாது. பழைய ஓட்டுநர்கள் மைல் பார்க்காமல், மழையில் அல்லது கழிமுகத்தில் ஓடிய பின்னெல்லாம் கிறீஸ் அடித்ததில் நியாயம் உண்டு: புதுக் கிறீஸ் உள்ளே போகும்போது பழைய கிறீஸோடு நீரும் மணலும் வெளியே வந்துவிடும்.

மைனரின் முன்புறத்தில் சுருள் ஸ்பிரிங் இல்லை. அடிச்சட்டத்தின் இரு பக்கமும் நீளவாக்கில் ஓடும் முறுக்குக் கம்பியே ஸ்பிரிங்கின் வேலையைச் செய்கிறது. வயதாக ஆக அது தளர்ந்து கார் முன்புறம் தாழும். கம்பியைக் கழற்றி, முனைப் பற்களை ஓரிடம் நகர்த்திப் பூட்டினால் உயரம் மீளும். செலவில்லாத வேலை, மைனர் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். ஓடிப் பழகிய கம்பி ஒரே திசை முறுக்குக்குப் பதப்பட்டது. இடக்கம்பியை வலப்பக்கம் போட்டால் முறிய நேரும்.

பட்டை ஸ்பிரிங் கொல்லன் பட்டறையின் எல்லைக்குள் வந்த பொருள். கொழுவும் மண்வெட்டியும் கத்தியும் அடித்துப் பழகிய கைக்கு, சப்பையாகிப்போன பட்டைக்கு மீண்டும் வளைவு கொடுப்பது புதிய வேலையல்ல. லொறிப் பட்டையை வெட்டிக் கத்தி அடிப்பதும், முறிந்த கார்ப் பட்டைக்கு லொறிப் பட்டையை வெட்டிப் போடுவதும் தென்னாசிய ஊர்ப்புறங்களில் ஒரே பட்டறையில் நடந்தவை. குளிர்ந்த நிலையிலேயே நெருக்கமாக அடித்து வளைத்தால் பட்டை பதம் கெடாது, ஆனால் விரைவில் பழையபடி சாயும். செஞ்சூட்டில் வளைத்தால் வடிவம் நிற்கும். பின்னர் எண்ணெயில் தோய்த்து, மறுபடி இளஞ்சூட்டில் பதப்படுத்தாவிட்டால் ஒன்றில் மென்மையாகிவிடும், அல்லது கண்ணாடிபோல் உடையும். மூன்றாவது வழி, பட்டை ஒன்றைக் கூட்டிப்போடுவது. வாடகைக் கார்களில் அதிகம் கண்டது இதுதான். பாரம் தாங்கும், வெறுங்காராக ஓடும்போது பின்புறம் துள்ளும். பாரத்துக்குக் காசு கிடைத்தது, துள்ளலுக்கு எவரும் காசு குறைக்கவில்லை. ஆகவே கூடுதல் பட்டையே வென்றது.

பட்டையின் கண்ணில் இருக்கும் ரப்பர் புஷ்தான் உண்மையில் தட்டுப்பாட்டுக் காலத்தின் பலவீனப் புள்ளி. ரப்பர் விளையும் நாட்டிலும், உலோகக் குழாயோடு ஒட்டிப் பதப்படுத்திய புஷ் எளிதில் கிடைக்கவில்லை. பழைய ரயரை வெட்டிக் கடைந்து புஷ் செய்தார்கள். சிலர் வெண்கலத்தையோ நைலோனையோ கடைந்து போட்டார்கள். ரயர் ரப்பருக்குள் துணி இழை உண்டு. அது ஒரே சீராக நெகிழாது, சில மாதங்களில் நீள்வட்டமாகத் தேய்ந்துவிடும். வெண்கலம் தேயாது. ஆனால் தெருவின் ஒவ்வொரு அதிர்வையும் சட்டத்துக்குக் கடத்தி, சட்டத்தில் ஆணி பூட்டிய இடங்களில் வெடிப்பை உண்டாக்கும். இரண்டும் கார் நின்றுபோகாமல் காத்த ஏற்பாடுகள் மட்டுமே.

ஷொக் அப்சோபர் கதையும் இதைப் போன்றது. ஆம்ஸ்ட்ரோங் நிறுவனத்தின் கைநீட்டு ஷொக் அப்சோபர், பல ஒஸ்ரின், மொறிஸ், எம்ஜி கார்களில் முன்சக்கரத்தின் மேல்கையாகவும் இருந்தது. அது கெட்டால் கழற்றி எறிந்துவிட்டுக் குழாய் வடிவப் புதியதைப் பூட்ட முடியாது. சக்கரத்தின் மேல்தாங்கலே போய்விடும். தண்டின் சீல் கசிந்து எண்ணெய் வற்றும்போது, உரிய மெல்லிய எண்ணெய் கிடைக்காத இடத்தில் என்ஜின் எண்ணெய் ஊற்றினார்கள். தடிப்பான எண்ணெய் கசிவைக் குறைத்தது, சக்கரத்தின் அசைவையும் இறுக்கிப்போட்டது. அலையலையான கிரவலில் சக்கரம் தெருவைப் பிடிக்காமல் மேட்டுக்கு மேடு தாவியது. இதற்கு ஓட்டுநர்கள் கண்ட மாற்று வேகத்தைக் குறைப்பதுதான். விளையாட்டுக் காரைப் பந்தயத்துக்கு ஓட்டியவருக்கு அந்த மாற்று இல்லை. ஒரே பாகம், ஒரே பழுது. ஆனாலும் மலைநாட்டுக் காருக்கும் கரையோரக் காருக்கும் அது ஒரே பாரதூரம் அல்ல.

கடலுக்கு அக்கரையில் சென்னையில் நடந்ததையும் இதனோடு வைத்துப் பார்க்கலாம். சென்னையின் ஸ்ராண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1961இலிருந்து ட்ரயம்ஃப் ஹெரால்ட் காரை ஸ்ராண்டர்ட் ஹெரால்ட் என்ற பெயரில் வண்டலூர் ஆலையில் செய்தது. அதன் முன்சக்கர அமைப்பே 1962இல் வந்த ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் விளையாட்டுக் காருக்கும் போனது. அந்த அமைப்பிலும் மைனரைப் போலப் புரியுள்ள கீழ்முனைக் கட்டை உண்டு, அது பித்தளைக் கலவை. அதற்கு இட வேண்டியது கிறீஸ் அல்ல, தடித்த கியர் எண்ணெய். மற்றக் கார்களுக்குக் கிறீஸ் அடித்துப் பழகிய கை இதற்கும் கிறீஸே அடித்தது. கிறீஸ் புரியின் அடிவரை இறங்காது. நீர் தங்கித் துருவேறி உருக்குத் தண்டு முறியும். ஹெரால்டின் பின்புறம் குறுக்குப் பட்டை ஸ்பிரிங்கில் ஊசலாடும் அச்சுகளைக் கொண்டது. பாரம் ஏறும்போது பின்சக்கரங்களின் சாய்வு மாறி ரயர் ஓரம் தேயும். இந்திய உரிமையாளர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் அது பிடிக்கவில்லை. 1972இல் ஹெரால்டின் வழித்தோன்றலாக வந்த ஸ்ராண்டர்ட் கசெல் காரில் ஊசல் அச்சைக் கைவிட்டு ஒற்றை இறுக்கமான அச்சைப் பூட்டினார்கள். ஒரு காரின் வடிவத்தையே கராஜின் முறைப்பாடு மாற்றிய அரிய நிகழ்வு இது. காகிதத்தில் ஊசல் அச்சு முன்னேற்றம். தெரு வேறுவிதமாகத் தீர்ப்பளித்தது.

1977க்குப் பின் ஜப்பானியக் கார்களும் வான்களும் இலங்கையில் பெருகின. தெற்கில் ஆங்கிலக் கார்கள் மெல்ல ஒதுங்கின. வடக்கு கிழக்கில் அந்த மாற்றத்தை உள்நாட்டுப் போர் இடைமறித்தது. 1985இல் திரியாய் தாக்கப்பட்டு வீடுகள் எரிக்கப்பட்டன, மக்கள் இடம்பெயர்ந்தார்கள். அவர்கள் விட்டுச்சென்ற தெருவை நீண்டகாலம் பழுதுபார்க்க ஆளில்லை. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின், யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் எரிபொருள், மின்கலம், வாகன உதிரிப்பாகம் எல்லாம் பொருளாதாரத் தடைக்குள் அகப்பட்டன. அங்கே ஒஸ்ரின் ஏ40, கேம்பிரிட்ஜ், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிது பெற்றோல் விட்டு என்ஜினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பழைய என்ஜின்களின் அழுத்த விகிதம் ஏறத்தாழ 7க்கு 1 என்ற குறைந்த அளவில் இருந்ததால் அது சாத்தியமாயிற்று. நவீன என்ஜின் அதை ஏற்காது. அதனால் ஒரு விசித்திரம் நேர்ந்தது: புதிய கார்கள் கொட்டிலில் கிடந்தன, 40 வயதுக் கார்கள் தெருவில் ஓடின. ஷெல் விழுந்த குழிகளிலும் வயல்வெளிப் பாதைகளிலும் அவை ஓடியபோது, முன்பு சொன்ன கிங்பின் கடைச்சலும் பட்டை வளைப்பும் ரயர் புஷ்ஷும் ஒரு பரம்பரையின் நாளாந்தத் தொழிலாயின.

போர் ஓய்ந்தபின் இரண்டு மாற்றங்கள் ஒருங்கே வந்தன. ஒன்று தெரு. 2009இல் இறக்கக்கண்டிப் பாலம் திறக்கப்பட்டது. அடுத்தடுத்த ஆண்டுகளில் மற்றக் கழிமுகங்களுக்கும் பாலம் வந்து, புல்மோட்டை வரை தெரு செப்பனிடப்பட்டது. மிதவையும் அலையலையான கிரவலும் இல்லாமற்போயின. மற்றொன்று சந்தை. வடக்கு, கிழக்கில் எஞ்சியிருந்த ஏ40களையும் கேம்பிரிட்ஜ்களையும் தேடிக் கொழும்பிலிருந்து சேகரிப்பாளர்கள் வந்தார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த ஐந்தாண்டில் பழைய காரின் மதிப்பு இன்னும் ஏறியது.

சேகரிப்பாளர் கைக்குப் போன காரில் முதலில் நடப்பது, பழைய கராஜ் செய்ததைக் களைவதுதான். கூட்டிப்போட்ட பட்டை கழற்றப்படுகிறது, ரயர் புஷ் எறியப்படுகிறது. பிரித்தானியாவில் இப்போதும் மைனருக்கும் எம்ஜிபிக்கும் பாகம் செய்து விற்பவர்கள் உண்டு. மொறிஸ் மைனர் பாகங்களைத் தென்னிலங்கையிலேயே செய்து ஏற்றுமதி செய்யும் முயற்சி ஒன்றும் 1990களில், இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வேரின் கூட்டோடு நடந்தது. இன்று பாகம் கிடைக்காதது குறையல்ல. எதைப் போடுவது என்பதில்தான் தவறு நேர்கிறது. பொலியூரித்தேன் புஷ் ரப்பரைவிட நீண்டகாலம் உழைக்கும். எண்ணெய்க்கும் வெயிலுக்கும் அஞ்சாது. பந்தயக் காருக்கு அதன் இறுக்கம் நல்லது. 60 வயதுச் சட்டத்துக்கு அது பழைய வெண்கலப் புஷ் செய்த அதே தீங்கைச் செய்யும், கூடவே கீச்சிடும். சாதாரண ஓட்டத்துக்கு ரப்பரே தக்கது. அந்த ரப்பரையும் காரை ஜக்கியில் தொங்கவிட்டபடி இறுக்கக்கூடாது. சக்கரங்கள் நிலத்தில் ஊன்றி, காரின் பாரம் முழுதும் அவற்றின்மேல் இருக்கும்போதே ஆணியை இறுக்க வேண்டும். இல்லையேல் புஷ் எப்போதும் முறுகிய நிலையிலேயே நின்று ஓராண்டுக்குள் கிழியும். புதிய புஷ் ‘தரமில்லை’ என்று வரும் முறைப்பாடுகளில் பல, தரத்தால் அல்ல, இந்த இறுக்கல் முறையால் வருபவை.

கைநீட்டு ஷொக் அப்சோபரைக் கழற்றிக் குழாய் வடிவத்துக்கு மாற்றும் தொகுதிகளும் விற்பனையாகின்றன. முன்பக்கத்தில் மேல்கையாக அது வேலை செய்யும் கார்களில், பழையதைத் திறந்து சீல் மாற்றி உரிய எண்ணெய் ஊற்றுவது மலிவு, பாதுகாப்பும் கூட. கிங்பின்னுக்கு வெளிநாட்டிலிருந்து புஷ் வரவழைக்கத் தேவையில்லை. றீமர் பிடிக்கத் தெரிந்த கைதான் தேவை. அத்தகைய கைகள் இன்னும் திருகோணமலையிலும் யாழ்ப்பாணத்திலும் லேத் கடைகளில் இருக்கின்றன. ஆனால் இன்றைய கார்களில் கிங்பின் இல்லை, பந்து மூட்டுத்தான். அது தேய்ந்தால் முழுதாகக் கழற்றி மாற்றுவதே வழக்கம். ஆகவே நீண்ட றீமரைக் கற்க இளைஞருக்குக் காரணமில்லை. பழைய கார் வைத்திருப்பவர்கள் பாகத்துக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கையேனும், அந்த வேலையைப் பழக விரும்பும் ஒரு கையாளுக்குக் கொடுப்பது அவர்களுக்கே இலாபம்.